சிக்கிக்கொள்வதில் என்ன சுகம்?

பழனிமலையின் தெற்குச் சரிவில் அடுக்கம் என்றொரு ஊர் இருக்கிறது. அடுக்கம் என்பது மலைச்சரிவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பெரியகுளத்துக்கு அருகே உள்ள கும்பக்கரையிலிருந்து ஏறும் ஒரு மலைச்சாலை இந்த ஊர் வழியாகச் சென்று, பெருமாள்மலைப் பக்கம் கொடைக்கானல் சாலையோடு சேர்கிறது.

இப்படிப்பட்ட சாலைகளில் ஒரு வேடிக்கை உண்டு. போகவேண்டிய ஊர் மேலே இருக்கும். வண்டி அதை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். வண்டி அப்படியே திரும்பி, போகவேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடத் தொடங்கும். விலகிப் போகிறோமா? இல்லை, ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம். நேர்கோட்டில் போனால் தூரம் குறைவு. ஆனால் அந்தச் செங்குத்தில் எந்த வண்டியும் ஏறாது.

செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் நீங்கள் ஆடும் நல்ல புதிர் விளையாட்டுகளுக்குள்ளும் இதுபோன்ற வளைவுகள் ஒளிந்திருக்கின்றன. நாம் சிக்கிக்கொண்டு விழிப்பது அங்கேதான். விடை கிடைத்ததும் ‘அட!’ என்று துள்ளுவதும் அங்கேதான். அது ஏன் என்று பார்ப்போமா?

புலி, ஆடு, புல்லுக்கட்டு

உங்கள் பாட்டிக்குக்கூடத் தெரிந்த ஒரு பழைய புதிரிலிருந்து தொடங்குவோம். ஒருவனிடம் ஒரு புலி, ஓர் ஆடு, ஒரு புல்லுக்கட்டு இருக்கின்றன. ஆற்றைக் கடக்க ஒரு சிறு பரிசல். அதில் அவனோடு ஏதாவது ஒன்றைத்தான் ஏற்றலாம். அவன் பக்கத்தில் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்றுவிடும். ஆடு புல்லைத் தின்றுவிடும். மூன்றையும் அக்கரை சேர்ப்பது எப்படி?

ஐரோப்பாவில் இதே புதிரை ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று சொல்வார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய லத்தீன் ஏட்டிலேயே அது இருக்கிறது.

முதலில் ஆட்டைக் கொண்டுபோக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்துப் புலியைக் கொண்டுபோகிறோம். அங்கேதான் தகராறு. புலியை ஆட்டோடு விட்டுவிட்டு வர முடியாது. புலிக்குப் பதில் புல்லைக் கொண்டுபோனாலும் அதே கதைதான். பலர் பரிசலை அங்கேயே நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிகிறார்கள்.

வழி என்ன? புலியை அக்கரையில் இறக்கிவிட்டு, கஷ்டப்பட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டைத் திரும்ப இக்கரைக்கே கொண்டுவர வேண்டும்! பிறகு ஆட்டை இறக்கிவிட்டுப் புல்லைக் கொண்டுபோக வேண்டும். வெறும் பரிசலோடு திரும்பிவந்து கடைசியில் ஆட்டை ஏற்றிச் செல்ல வேண்டும். மொத்தம் 7 பயணங்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஆள், புலி, ஆடு, புல் ஆகிய நான்கில் ஒவ்வொன்றும் இக்கரையில் இருக்கலாம், அல்லது அக்கரையில் இருக்கலாம். ஆகவே மொத்த நிலைகள் 2×2×2×2 = 16. இவற்றில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும் நிலைகள் 6. மிஞ்சுவது வெறும் 10. பத்தே நிலைகள் கொண்ட புதிரில் போய் நாம் சிக்கிக்கொள்கிறோம்!

மறுபக்கம் ரூபிக் கனசதுரத்தைப் பாருங்கள். ஹங்கேரி நாட்டின் எர்னோ ரூபிக் 1974இல் உருவாக்கியது. அதன் நிலைகளின் எண்ணிக்கை 43-க்குப் பின்னால் 18 பூஜ்யங்கள் போட்டால் வருவதைவிடவும் சற்று அதிகம். அதனால் அது கடினம் என்றால் புரிகிறது. பத்து நிலைப் புதிர் ஏன் கடினமாக இருக்க வேண்டும்? புதிரின் கடினம் அதன் அளவில் மட்டும் இல்லை என்பது தெளிவாகிறது அல்லவா? பிறகு எங்கே இருக்கிறது?

மூடுபனியில் மலையேறுதல்

கொடைக்கானல் பக்கத்து மலைகளில் அடர்ந்த மூடுபனி இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில அடிகளுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் உச்சிக்குப் போக வேண்டும். என்ன செய்வீர்கள்? ‘எந்தப் பக்கம் தரை உயர்கிறதோ அந்தப் பக்கம் ஓர் அடி வை’ என்று ஒரு விதியை வைத்துக்கொண்டு நடப்பீர்கள். நல்ல விதிதான். ஆனால் அது உங்களைப் பக்கத்திலிருக்கும் ஒரு சிறு குன்றின் தலையில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். அங்கிருந்து எந்தப் பக்கம் கால் வைத்தாலும் இறக்கம்தான். உண்மையான உச்சிக்குப் போக வேண்டுமானால் முதலில் கீழே இறங்கியாக வேண்டும்.

மனித மனமும் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. இலக்குக்கு அருகில் கொண்டுபோவதாகத் தோன்றும் அடியையே அது தேர்ந்தெடுக்கிறது. உளவியலாரும் கம்ப்யூட்டர் அறிஞர்களும் இதற்கு மலையேற்ற உத்தி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டைத் திரும்பக் கொண்டுவருவது இறக்கம் போலத் தோன்றுகிறது. ஆகவே அது நம் கண்ணிலேயே படுவதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இரு கூட்டங்களைச் சேர்ந்த மும்மூன்று பேரை ஆற்றைக் கடக்க வைக்கும் புதிர் ஒன்று உண்டு. அதில் ஓரிடத்தில், ஏற்கெனவே கடந்தவர்களில் இருவரைத் திரும்பக் கூட்டி வர வேண்டும். ஜான் தாமஸ், ஜேம்ஸ் கிரீனோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1974இல் இந்தப் புதிர் பற்றித் தனித்தனியே ஆய்வுகளை வெளியிட்டார்கள். மக்கள் அதிகம் தடுமாறிய இடங்களில் முக்கியமானது எது தெரியுமா? அந்தத் திரும்பும் படிதான்!

தள்ளலாம், இழுக்கக்கூடாது

இனி கம்ப்யூட்டர் திரைக்கு வருவோம். 1981இல் ஜப்பானில் ஹிரோயுகி இமபயாஷி என்பவர் ஒரு விளையாட்டை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் சோக்கோபான். கிட்டங்கியைப் பார்த்துக்கொள்பவர் என்று பொருள்.

கட்டம் கட்டமாக ஒரு கிட்டங்கி. அதில் சில பெட்டிகள். பழனிமலை ஆரஞ்சுப் பெட்டிகள் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்! அவற்றைக் குறிப்பிட்ட கட்டங்களில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் நகர்த்தலாம். தள்ளலாம், இழுக்கக்கூடாது. விதி இவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

ஆனால் அந்த ‘இழுக்கக்கூடாது’ என்ற ஒரு சொல் என்ன பாடு படுத்துகிறது பாருங்கள். வடமேற்கு மூலைக்கு ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டீர்கள். அதைத் தெற்கே தள்ள வேண்டுமானால் அதற்கு வடக்கே நிற்க வேண்டும். அங்கே சுவர். கிழக்கே தள்ள வேண்டுமானால் மேற்கே நிற்க வேண்டும். அங்கும் சுவர். பெட்டி இனி அசையவே அசையாது. ஆட்டம் முடிந்தது.

ஆகவே இலக்கை நோக்கி ஆசையோடு தள்ளிக்கொண்டே போகிறவர் தோற்கிறார். சில பெட்டிகளை முதலில் இலக்கிலிருந்து விலக்கித் தள்ளி வழியை உண்டாக்க வேண்டும். இதுவும் ஆட்டைத் திரும்பக் கொண்டுவருவது போன்றதுதான். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இன்னொன்றும் செய்வார்கள். ‘கடைசிப் பெட்டி எந்தப் பக்கமிருந்து வந்திருக்க முடியும்?’ என்று முடிவிலிருந்து பின்னோக்கி யோசிப்பார்கள். வடிவகணிதத்தில் ‘நிரூபிக்க வேண்டியது’ என்பதிலிருந்து பின்னோக்கி வருவோமே, அதுபோல.

கையும் சிந்திக்கும்

1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் வேறு வகை. நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். இங்கே யோசிக்க நேரமே கிடையாது.

1994இல் டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஆடுகிறவர்களைக் கவனித்தார்கள். எந்த வடிவம் எங்கே பொருந்தும் என்று மனத்தில் முடிவு செய்துவிட்டு அவர்கள் பொத்தானை அழுத்துவதில்லை. முதலில் பொத்தானை அழுத்தித் திரையிலேயே வடிவத்தைத் திருப்பிப் பார்த்து, அதன்பின் முடிவு செய்கிறார்கள். மனத்துக்குள் ஒரு வடிவத்தைத் திருப்புவதைவிடத் திரையில் திருப்புவது விரைவு! கை செய்து பார்ப்பதும் சிந்தனையின் ஒரு பகுதிதான்.

இதை அறிந்த நல்ல புதிர் விளையாட்டுகள், தவறு செய்வதற்குத் தாராளமாக இடம் கொடுக்கின்றன. இன்றைய சோக்கோபான் வகை விளையாட்டுகள் பலவற்றில் ஒரு படி பின்னால் போகும் பொத்தான் இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். பயமில்லாமல் செய்து பார்க்கலாம்.

பளிச்சென்று ஒரு மின்னல்

ஆறு தீக்குச்சிகள். அவற்றை உடைக்காமல் நான்கு சமபக்க முக்கோணங்கள் செய்ய வேண்டும். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு முழுக் குச்சி. படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு முயன்று பாருங்கள்.

வரவில்லையா? மேசைமேல் தட்டையாகத்தான் வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? மூன்று குச்சிகளால் கீழே ஒரு முக்கோணம் வையுங்கள். மற்ற மூன்றையும் அதன் முனைகளிலிருந்து மேலே சாய்த்து ஒரே புள்ளியில் சேருங்கள். கூம்பு போன்ற அந்த உருவத்தில் நான்கு முக்கோணங்கள்! தடையை நாமே நமக்குப் போட்டுக்கொண்டோம்.

இத்தகைய புதிர்களைப் பற்றி ஜேனட் மெட்காஃப், டேவிட் வீப் இருவரும் 1987இல் ஓர் அருமையான ஆய்வை வெளியிட்டார்கள். புதிர் போடுகிறவர்களிடம் 15 வினாடிகளுக்கு ஒருமுறை, ‘விடையை நெருங்கிவிட்டதாகத் தோன்றுகிறதா?’ என்று கேட்டார்கள். இயற்கணிதக் கணக்குப் போட்டவர்களுக்கு ‘நெருங்குகிறோம்’ என்ற உணர்வு சிறிது சிறிதாக ஏறியது. தீக்குச்சிப் புதிர் போன்றவற்றில் அப்படி இல்லை. ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்ற உணர்வே பெரும்பாலும் கடைசிவரை நீடித்தது. பிறகு பளிச்சென்று விடை வந்துவிட்டது.

நண்பர்களே, இதை நன்றாக மனத்தில் வையுங்கள். ‘எனக்கு ஒன்றும் புரியவில்லை, விடை எங்கோ இருக்கிறது’ என்று தோன்றுவது, விடை உண்மையில் தூரத்தில் இருப்பதற்கு அடையாளம் அல்ல. உங்களுக்கு மூளை குறைவு என்பதற்கும் அடையாளம் அல்ல. விடைக்கு ஒரு நிமிடம் முன்னால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கிறது. எத்தனையோ மாணவர்கள் சரியாக அந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

விடை கிடைத்ததும் வரும் மகிழ்ச்சிக்கும் காரணம் இதுவே. விதிகள் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே கண்ணெதிரே இருந்தன. புதிதாக எதுவும் வரவில்லை. மாறியது நம் பார்வை மட்டும்தான். மேலும், அது சரியா என்று ஆசிரியரையோ அண்ணனையோ கேட்க வேண்டியதில்லை. சரி என்பது நமக்கே தெரிகிறது.

ஆட்டமா, வலையா?

புதிர் போலத் தோன்றுவதெல்லாம் புதிர் அல்ல. 2012இல் வெளியாகிப் புகழ்பெற்ற கேண்டி க்ரஷ் போன்ற மிட்டாய் அடுக்கும் ஆட்டங்களில், அடுத்து என்ன மிட்டாய் விழும் என்பது அதிர்ஷ்டம். சில முறை தோற்றால் ‘உயிர்’ தீர்ந்துவிடும். காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். இங்கே தவறு செய்வதற்கே விலை வைக்கிறார்கள்.

எது நல்ல புதிர் என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தோற்றவுடன் உங்களையே கேளுங்கள்: ‘நான் ஏன் தோற்றேன்?’ காரணம் சொல்ல முடிந்தால் அது புதிர். ‘இந்த முறை சரியாக விழவில்லை’ என்பது மட்டுமே பதில் என்றால், உங்கள் சிந்தனைக்கு அங்கே அதிக வேலை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிர் ஆடினால் எல்லாப் பாடங்களிலும் மதிப்பெண் கூடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஒரு விளையாட்டில் பெறும் திறமை பெரும்பாலும் அந்த விளையாட்டோடு நின்றுவிடுவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. புதிரிலிருந்து எடுத்துப்போகத் தக்கது ஒன்றுதான்: சிக்கிக்கொண்டால் பதறாமல், ‘எந்தப் படியை நான் பின்னடைவு என்று ஒதுக்கிவிட்டேன்?’ என்று கேட்கும் பழக்கம். விடையை வீடியோவில் பார்த்துவிட்டால் இதுவும் போய்விடும்.

செய்து பாருங்கள்

மூன்று கூழாங்கற்களும் மூன்று புளியங்கொட்டைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். கற்கள் புலிகள், கொட்டைகள் ஆடுகள். தரையில் இரண்டு கோடுகள் கிழித்தால் ஆறு தயார். ஒரு தீப்பெட்டி மூடியைப் படகாக வைத்துக்கொள்ளலாம். படகில் இரண்டு பேர்தான் ஏறலாம். யாராவது ஒருவர் இல்லாமல் படகு நகராது. ஆடுகள் இருக்கும் எந்தக் கரையிலும் புலிகளின் எண்ணிக்கை ஆடுகளைவிட அதிகமாகக் கூடாது. எல்லோரும் அக்கரை சேர வேண்டும். குறைந்தது 11 பயணங்கள் தேவை.

1974இல் ஆராய்ந்த புதிர் இதுதான். இதன் ரகசியம் உங்களுக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. ஆகவே நீங்கள் போட்டு முடித்ததும், இந்தக் கட்டுரையைப் படிக்காத தம்பி, தங்கை, நண்பர்கள் ஐந்தாறு பேரிடம் கொடுங்கள். விடையைச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் எந்தப் பயணத்தில் அதிக நேரம் தயங்குகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். எல்லோருடைய கையும் ஒரே இடத்தில் நிற்கிறதா? நின்றால், மனித மனத்தின் கொண்டை ஊசி வளைவு ஒன்றை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்!