வேலை இருக்கிறது, வாசல் எங்கே?

முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் இந்தக் கடற்கரையிலே ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பி முற்றிவிட்டதா என்று எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு, இன்ன நாளில் இன்ன பாரில் குளிப்பு என்று அரசு ஊரறிய அறிவிக்கும். அந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் குளிப்போர் வருவர், வணிகர் வருவர். 1961-க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் அந்தக் குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் அது கற்றுத்தந்த பாடம் நிற்கிறது. கடலுக்குள் முத்து கிடந்தால் போதாது. எங்கே, எப்போது என்பது எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்!

இன்றைய முத்து எது? வேலை! அதைத் தேடி மூச்சடக்குபவன் யார்? பட்டம் பெற்ற வாலிபன்!

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே, தாமிரபரணி கடலைத் தொடப்போகும் இடத்தருகே இருக்கிறது ஆத்தூர். கொடிக்கால் ஊர். இவ்வூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; மகிழ்ந்தோம். இலைக்கு முகவரி கிடைத்துவிட்டது. அந்த இலையைக் கிள்ளி, கவுளி கவுளியாய் அடுக்கி, அதில் வந்த காசில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினாரே, அவருடைய பிள்ளைக்கு முகவரி கிடைத்ததா?

தொழில் இல்லாத வட்டாரமா இது? துறைமுகம் இருக்கிறது. 2024 டிசம்பரில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் சிப்காட் நிலத்தில் வின்பாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். வேலை வருகிறது. ஆனால் வேலை வரும் செய்தி யாருக்கு முதலில் வருகிறது? அதுதான் நமது கேள்வி!

பழைய கேள்விதான் இது. மாமன் அதிகாரியாக இருந்தால் மருமகனுக்குச் செய்தி முதல் நாளே தெரியும். மற்றவனுக்கு, இடம் நிரம்பிய மறுநாள் தெரியும். அதை மாற்றத்தான் 1929-இல் சென்னை மாகாணத்தில் தேர்வாணையம் அமைந்தது. 1959-இல் வேலைவாய்ப்பகச் சட்டம் வந்தது. காலியிடத்தைத் தெரிவித்தே தீரவேண்டும் என்றது அது. ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கதவைக் காட்டிவிட்டுத் தாழ்ப்பாளை முதலாளி கையில் கொடுத்த சட்டம்! 1996-இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில், வேலைவாய்ப்பகப் பட்டியலோடு நில்லாமல் செய்தித்தாளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவியுங்கள் என்றது.

இன்று அந்த அறிவிப்புப் பலகை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015-இல் வந்தது. தமிழக அரசின் தனியார் வேலை இணையத்தளம் 2020-இல் வந்தது. 2022-இல் நான் முதல்வன் திட்டம் வந்தது. பட்டதாரிக்கு உதவித்தொகையோடு பழகுநர் பயிற்சி தேடித்தரும் தளமும் உண்டு. வேலைவாய்ப்பகப் பதிவையும் வீட்டிலிருந்தே செய்யலாம். இவற்றில் பதிவதற்குக் கட்டணம் கிடையாது.

ஆனால், பதிந்துவிட்டோம், இனி வேலை தானே வரும் என்று படுத்துவிடாதீர்! ஆயிரம் விண்ணப்பங்களை முதலில் சலிப்பது பெரும்பாலும் இயந்திரம். அது சொற்களைத் தேடும். "பி.காம். பட்டதாரி, கடின உழைப்பாளி" என்று எழுதினால் அதற்கு ஒன்றும் விளங்காது. சுங்க ஆவணம் தெரியுமா, ஜி.எஸ்.டி. கணக்கு தெரியுமா, டாலி தெரியுமா? தெரிந்ததைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அறிவிப்பைப் பார்த்ததும் அதே நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏனெனில், கடலில் முத்தும் உண்டு, சுறாவும் உண்டு! 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்ற இணைய விளம்பரத்தை நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலை தருகிறவன் சம்பளம் கொடுப்பான். முன்பணம் கேட்பவன் வேலை தருகிறவன் அல்லன்! வெளிநாடு செல்பவர், முகவர் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிட்டே பேச வேண்டும். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

"கைப்பேசி இல்லாத வாலிபன் உண்டா? முயன்றால் முடியாதா?" என்று கேட்கிறார்கள், மின்விசிறிக்கடியில் அமர்ந்த மேதாவிகள். கைப்பேசி இருக்கிறது, ஐயா! விளம்பரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி அவன். தன்விவரத்தைத் திருத்தித் தர வீட்டில் அண்ணனும் இல்லை, அலுவலகத்தில் மாமனும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. அரசு நிலத்தில் ஆலை எழுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் காலியிடத்தை அரசுத் தளத்தில், தமிழில், சம்பளத்தோடு வெளியிடட்டும். ஊர் நூலகந்தோறும் ஒரு கணினியும், வழிகாட்ட ஒருவரும் இருக்கட்டும். கல்லூரிகள் இறுதியாண்டில் மட்டும் விழித்துக்கொள்ளாமல், முதலாண்டிலேயே இதைப் பாடமாகச் சொல்லித்தரட்டும்.

சலுகை கேட்கவில்லை நாம். குளிப்பு நாளை ஊரறியச் சொல்லுங்கள் என்கிறோம். சொல்லிவிட்டால், மூச்சடக்கி மூழ்கவும் முத்தெடுத்து மீளவும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்!