டைனமோ மாறினால் வயரும் மாற வேண்டும்

யுத்தகாலத்தில் பற்றரிக்குத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஆட்கள் நாங்கள். இருக்கிற வயரை முறுக்கிச் சமாளிக்கும் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வாகனத்தில் அது ஆபத்து.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 இல் திறந்தாலும் விலை எட்டாது. படுவான்கரையில் பழைய வான்களையே திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். ஏசியும் மேலதிக லைட்டும் பூட்டியதும் என் வானுக்கு 45 அம்பியர் டைனமோ போதவில்லை. 90 அம்பியர் பூட்டினேன், வயரை மாற்றவில்லை. ஓர் இரவு மண்முனைப் பாலத்தில் பிளாஸ்டிக் கருகும் மணம்.

மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதே வயரில் வெப்பம் நான்கு மடங்கு. டைனமோவிலிருந்து பற்றரிக்கு 25 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போடுங்கள். 120 அம்பியர் பியூஸ் பற்றரிக்குக் கிட்டவே இருக்கட்டும். வயர் உரசிப் பொடியில் பட்டால் நெருப்பு வைப்பது பற்றரிதான். வேலை தொடங்குமுன் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

எங்கள் பக்கம் பலரும் மறப்பது ஏர்த் வயரை. வாவிக்காற்றின் உப்பு அது பூட்டிய இடத்தைத் துருப்பிடிக்க வைத்துவிடும். எஞ்சினிலிருந்தும் பற்றரியிலிருந்தும் பொடிக்குப் போகும் வயர்களும் அதே தடிப்பில் வேண்டும். பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் மீற்றர் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை காட்டினால் சரி.