ஓதமும் முட்டையும்

மலேசியாவின் கெலாங் பாத்தாவுக்குத் தென்மேற்கே ஜொகூர் நீரிணையில் கலக்கும் சுங்கை பூலாயின் கழிமுகம், ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமாகிய ராம்சார் உடன்படிக்கையில் 2003 ஜனவரி 31 அன்று சேர்க்கப்பட்ட, 9,126 ஹெக்டர் பரப்புள்ள சதுப்புநிலக் காட்டைக் கொண்டது. தமிழ்நாட்டின் வேடந்தாங்கல் ஏரியில் பருவமழையால் உயரும் நீர் பல மாதங்களில் மெல்ல வற்றுவதால், நீர் சூழ்ந்த கடம்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சுகள் பறக்கும்வரை பெரும்பாலும் பாதுகாப்பாக இருக்கின்றன. பூலாயிலோ ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், நாளுக்கு இருமுறை நிகழ்கிறது.

மரக்கிளையில் முட்டையிடும் கொக்குக்கு இது பெரிய இடையூறன்று. வெறும் மணலில் முட்டையிடும் இனங்களே சிக்கலில் மாட்டுகின்றன. எதிர்க்கரையான சிங்கப்பூரில், கடலை மணலிட்டு மேடாக்கிய நிலங்களில் முட்டையிட்டுவந்த சிறிய ஆலா இதற்குச் சான்று. மணலில் மார்பை அழுத்திச் சுழன்று அது உண்டாக்கும் ஆழமற்ற குழியே கூடு. புள்ளியிட்ட முட்டைகள் மணலோடு மணலாகத் தெரியுமேயன்றி, நீரைத் தடுக்க அங்கே எதுவுமில்லை. அடைகாக்க ஏறத்தாழ மூன்று வாரங்களாகும். சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று ஈர்ப்பதால் நீர் மிக உயரும் உவா ஓதமோ, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, சுமார் 15 நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஆகவே எந்த நாளில் முட்டையிட்டாலும் குறைந்தது ஓர் உவா ஓதத்தைத் தப்பவியலாது. பறவைக்குள்ள ஒரே வழி மேடான இடத்தைத் தேர்வதுதான். ஆனால் கடலும் உயர்கிறது: 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. நமக்கு அது ஒரு சாண் என்றாலும், தட்டையான கரையில் அந்த ஒரு சாண் நீர் பல மீட்டர் உள்ளே புகுந்துவிடும்.

கூடு தப்பினாலும் இரை கிடைக்க வேண்டும். சேற்றுத்துள்ளி மீனையும் நண்டையும் தேடும் சிறு பெருநாரை, நீர் வடிந்து சேறு வெளிப்படும் சில மணி நேரத்தையே நம்பியிருக்கிறது. மட்டம் உயர்ந்தால் அந்த நேரம் சுருங்கும். சேறு படியும் வேகத்தைக் கடல் மிஞ்சினால் சதுப்புநில மரங்கள் தாமே மெல்ல உள்நிலம் நோக்கி நகரக்கூடியவை. ஆனால் பின்னால் அணைக்கரையோ சாலையோ துறைமுகமோ இருந்தால் நகர வழியில்லை. இப்போதுள்ள காட்டுக்கு வேலியிட்டால் போதும் என்ற எண்ணம் பிழையானது. பூலாயின் எல்லைக்குப் பின்புறம் இன்னும் கட்டடம் ஏறாத தாழ்நிலத்தையும் சேர்த்தே காக்க வேண்டும்.