விமானம் ஏறுமுன் வாங்குவதா, இறங்கியபின் வாங்குவதா... தெரியுமா?

ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐபோன், சென்னையைவிட அமெரிக்காவில் மலிவு என்பது தெரியுமா? 2025 செப்டம்பரில் ஐபோன் 17 ப்ரோ வந்தபோது இந்தியாவில் தொடக்க விலை 1,34,900 ரூபாய். அமெரிக்காவில் 1,099 டாலர். டாலருக்கு 90 ரூபாய் போட்டுப் பாருங்கள், ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை!

ஆனால் அவசரப்படாதீர்கள். நம் ஊர் எம்ஆர்பி-க்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அமெரிக்கக் கடையில் ஒட்டியிருக்கும் விலையில் வரி கிடையாது, பில் போடும்போதுதான் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது நீங்கள் எந்த மாநிலத்தில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓரிகன், டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர், மொன்டானா மாநிலங்களில் விற்பனை வரியே இல்லை! மாசசூசெட்ஸில் 6.25 சதவீதம் உண்டு. அங்கேயும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் 2,500 டாலர் வரையுள்ள பொருளுக்கு வரி வாங்க மாட்டார்கள். அந்த மாநிலத்து பாஸ்டனுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் பெட்டியோடு இறங்குவதும் அதே ஆகஸ்டில்தான். லேப்டாப் வாங்க அதைவிட நல்ல நாள் வேண்டுமா?

சரி, விலை ஒரு பக்கம். சுவரில் இருக்கும் ஓட்டைக்கு வருவோம். எனக்கு உண்மையான ஆச்சரியம் அங்கேதான் இருக்கிறது!

உங்கள் லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி எழுத்தில் 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். உலகத்தில் ஏறக்குறைய எந்த நாட்டு மின்சாரமும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்! ஜப்பானின் 100 வோல்ட், அமெரிக்காவின் 120, நம்முடைய 230, எல்லாமே. போன், கேமரா, டேப்லெட் சார்ஜர்களும் பெரும்பாலும் அப்படித்தான். பிளக்கின் வடிவத்தை மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று போதும்.

இப்போது சமையலறைக்குப் போய் மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்று மட்டும்தான் இருக்கும். அடாப்டர் போட்டால் அமெரிக்கச் சுவரில் செருகிவிடலாம், ஆனால் மோட்டார் திணறும். உளுந்து அரைபடாது. சூடாக்கும் சாமான்களின் கதை இன்னும் விசித்திரம்! வோல்ட் பாதியானால் சூடு பாதியாகாது, கால்வாசி ஆகிவிடும். இங்கே 1,500 வாட் தரும் கெட்டில் அங்கே 400 வாட் சொச்சம்தான் தரும், காபிக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். எலக்ட்ரிக் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் இதே ரகம்.

வோல்ட்டைக் கூட்டித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். 750 வாட் மிக்ஸியைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பும் செம்பும் சேர்ந்த கனமான சாமான். தவிர, அது வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது, தெரியுமா? அங்கே 60 ஹெர்ட்ஸ் என்றால் 60-தான். வெட் கிரைண்டர் மோட்டார் போன்றவை அந்த ஹெர்ட்ஸுக்கு ஏற்பத்தான் சுழலும். இவ்வளவு பாடு எதற்கு? அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் ப்ரீத்தி மிக்ஸியும் கோவை அல்ட்ரா கிரைண்டரும் அந்நாட்டுக்கென்றே 110 வோல்ட்டில் கிடைக்கின்றன! பிரஷர் குக்கருக்கு மின்சாரமே வேண்டாம். அதைத் தாராளமாக எடுத்துப் போங்கள், கூடவே இரண்டு கேஸ்கெட்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது: பேட்டரி உள்ளதெல்லாம் உங்களோடு பயணம் செய்யலாம். சுவரிலிருந்து நேரே மின்சாரம் வாங்கிச் சுடுவதையும் சுழல்வதையும் போன இடத்தில் வாங்குங்கள்.

ஜப்பான் போகிறவர்களுக்கு இன்னொரு வியப்பு! ஒரே நாட்டுக்குள் இரண்டு ஹெர்ட்ஸ். டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்காவிலிருந்து வாங்கியது. அந்தப் பிரிவு இன்றுவரை தீரவில்லை! 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மேற்கிலிருந்து வேண்டிய அளவு அனுப்ப முடியாமல் போனதற்கு இதுவே பெரிய காரணம். டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்து பிறகு ஒசாகாவுக்கு மாற்றலாகக் கூடியவர், சாமான் வாங்கும்போதே 50/60 இரண்டும் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

லண்டனில் நம்முடைய அதே 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. நம் வீட்டு மூன்று உருண்டை முள் பிளக், பிரிட்டனின் பழைய வடிவத்திலிருந்து வந்தது. அவர்களோ 1947-இல், நம்மை விட்டுக் கிளம்பிய அதே ஆண்டில், ஃபியூஸ் வைத்த சதுர முள் பிளக்குக்குப் புதிய தரத்தை வகுத்துக்கொண்டார்கள்!

ஜெர்மனியில் லேப்டாப் வாங்கினால் கீபோர்டில் ஒய்-யும் இசட்-டும் இடம் மாறியிருக்கும். பிரான்ஸில் கியூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ உட்கார்ந்திருக்கும், எண் அடிக்க ஷிஃப்ட் அழுத்த வேண்டும். விரல் பழகிய கீபோர்டு வேண்டுமென்றால் ஐரோப்பா போகிறவர்கள் லேப்டாப்பை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

போன் விஷயத்தில்தான் மிகவும் கவனம் வேண்டும். ஐபோன் 14-லிருந்து, அதாவது 2022-லிருந்து, அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் சிம் போடும் தட்டே கிடையாது, எல்லாம் இசிம். விடுமுறைக்கு வந்து ஊர் சிம்மைச் செருகலாம் என்று நினைத்தால் முடியாது! இங்கிருந்து கொண்டுபோகும் போனுக்கோ வேறு சோதனை. அமெரிக்க நிறுவனங்கள் 2022-இல் 3ஜி-யை மூடிவிட்டன. 4ஜி வழியாகவே பேசும் வசதியை அந்த நிறுவனம் உங்கள் மாடலுக்கு அனுமதித்திருந்தால்தான் அழைப்பு போகும். டி-மொபைல் பயன்படுத்தும் 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை நம் ஊர் போன்கள் பலவற்றில் இல்லை. கிளம்புமுன் *#06# அழுத்துங்கள். வரும் 15 இலக்க எண்ணை, நீங்கள் சேரப்போகும் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் அந்தப் போன் அங்கே ஓடுமா என்று சொல்லிவிடும். ஐந்து நிமிட வேலை!

பவர் பேங்க் வாங்கிவிட்டீர்களா? கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டிக்குள் கூடாது. 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், கவலையில்லை. 16 அங்குல மேக்புக் ப்ரோவின் பேட்டரி அந்த 100-ஐத் தாண்டாமல் விளிம்பிலேயே நிற்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

திரும்பி வரும்போது? 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். டிவிக்கு அந்தச் சலுகை இல்லை! 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டை டிவி எந்த அளவானாலும் வரி உண்டு. அங்கே வாங்கிய 110 வோல்ட் மிக்ஸியைப் புதிதாக வந்திறங்கிய பிள்ளை யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். இங்கே 230-இல் செருகினால் மோட்டார் கருகிவிடும்.