பாட்டி சொன்னதில் என்ன இருக்கிறது?

மலேசியாவின் திரிங்காப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்த ஒரு பாட்டியை ஆய்வு மாணவி பேட்டி எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவை எழுதி எடுத்தால் முப்பது பக்கம். இப்படி இருபது பேரிடம் பேசினால் அறுநூறு பக்கம் சேர்ந்துவிடும். அத்தனை பேச்சிலிருந்து எதை எடுப்பது, எந்த நியாயத்தில் எடுப்பது? அதற்கான முறைதான் குறியிடல்: ஒவ்வொரு வரிக்கும் அது சொல்வதைக் காட்டும் ஒரு சிறு பெயர் வைப்பது.

பாட்டி சொல்கிறார்: “மிசினு வந்துச்சு, கத்தரி போச்சு. பிள்ளைங்க கோலாலம்பூருக்குப் போயிட்டாங்க. வேலைய விட்டா வீடும் போயிடும்னுதான் நான் இருந்துட்டேன்.”

முதல் வரிக்குப் பக்கத்தில் ‘கருவி மாற்றம்’ என்றும், அடுத்ததற்கு ‘பிள்ளைகள் வெளியேற்றம்’ என்றும் எழுதலாம். மூன்றாவதில்தான் கை சறுக்கும். ‘வறுமை’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பாட்டி வறுமையைச் சொல்லவே இல்லை. தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலையிலிருந்து நின்றால் அந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பயத்தைச் சொல்கிறார். ஆகவே ‘வேலைய விட்டா வீடும் போயிடும்’ என்ற அவர் வாக்கையே குறியாக வைப்பதுதான் முறை. அடுத்த பேட்டியில் ஒருவர், வீட்டுக்காகவே மகனைத் தோட்ட வேலையில் சேர்த்ததாகச் சொல்கிறார். அதுவும் இதே குறியில் அடங்குமா, புதிதாக ஒன்று வேண்டுமா? இப்படி ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக்கொண்டே போகும் வழியை பார்னி கிளேசரும் அன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967-இல் நூலாக்கினார்கள். மரணப் படுக்கையில் இருந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவமனைகளில் செய்த ஆய்வில் உருவான வழி அது. கேள்வி முன்பே தெளிவாக இருந்தால், குறிப்பட்டியலை முதலிலேயே வகுத்துக்கொள்பவர்களும் உண்டு.

குறிகள் சேர்ந்து கருப்பொருள் ஆவதை விர்ஜீனியா பிரானும் விக்டோரியா கிளார்க்கும் 2006-இல் ஆறு கட்டங்களாக விளக்கினார்கள். என்விவோ போன்ற மென்பொருள் குறியிட்ட வரிகளை நொடியில் திரட்டித் தரும். எந்த வரி எதைச் சொல்கிறது என்று முடிவுசெய்யும் பொறுப்பு ஆய்வாளருடையது. இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுவதும் வழக்கம். ஒத்துப்போகாத இடத்தில் இருவரும் உட்கார்ந்து வாதாடுவதே எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. ‘வறுமை’ போன்ற அவசரக் குறிகள் அங்கேதான் பிடிபடும்.

பேட்டி கொடுத்தவரின் பெயரை மறைப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். மலாயாத் தோட்டத் தமிழரைப் பற்றி 1970-இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின், தாம் ஆராய்ந்த ரப்பர் தோட்டத்துக்கே புனைபெயர் வைத்தார். திரிங்காப் போன்ற சிற்றூரில் பெயரை அடித்துவிட்டால் மட்டும் போதாது. ‘திருவிழாவில் கரகம் எடுக்கும் தண்டலின் மனைவி’ என்று ஒரு வரி தங்கிவிட்டால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். அந்த வரியையும் தேடி மாற்ற வேண்டும்.