காற்றாலை எழுமுன் கேட்போம்

காற்றில் நெல் தூற்றியும் பாய்மரம் விரித்தும் வாழ்ந்தவர்கள் எம்மவர்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம் இன்று மின்சாரமும் தருகின்றது. மன்னார் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அமைத்த 'தம்பபவனி' காற்றாலை 2020 டிசெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அங்கு 30 காற்றாடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5 மெகாவாற். எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் செலவாகும் அந்நியச் செலாவணி இதனால் மிச்சமாகின்றது.

இது நாட்டுக்கு நன்மை. ஊருக்கு என்ன? அந்த மின்சாரம் தேசிய மின்வலையமைப்புக்கே செல்கின்றது. காற்றாடியின் அருகில் குடியிருப்பதனால் மட்டும் மின்கட்டணம் குறைவதில்லை. பாரம் ஏற்றி வருவதற்காக உயர்த்திப் போட்ட தெருக்கள் மழைவெள்ளம் கடலுக்கு ஓடும் வழியை மறிக்கின்றன என்பது மன்னார் மக்களின் முறைப்பாடு. 2025 ஆகஸ்டில் அவர்கள் வீதியில் இறங்கிய பின்னரே புதிய காற்றாலை வேலைகள் ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன.

ஆகவே, இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்கள் தம் ஊரில் அத்திவாரம் வெட்டுமுன்பே கேட்க வேண்டியவை சில உண்டு. வெள்ளம் ஓட எத்தனை மதகுகள் கட்டப்படும்? காற்றாடிகளுக்கு இடையே பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் தடையுண்டா? குத்தகை எத்தனை ஆண்டுகளுக்கு? ஊரில் இல்லாதவரின் காணிக்குக் கையொப்பமிடுபவர் யார்?

காணி உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளைக் கைவசம் வைத்திருங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒன்றுகூடிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். தூண் எழுந்த பின் கேட்டால் பதில் கிடைப்பது அரிது.