மடியில் ஒரு நூலகம்

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு மடியே பெட்டகம். வெற்றிலை, பாக்கு, சம்பள நாளில் மடித்து வைத்த இரண்டொரு தாள் ஆகிய யாவும் அங்கேதான் இருக்கும். இப்பொழுது கைத்தொலைபேசியும் அவ்விடத்தைத் தேடி வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அஞ்சி அதனைப் பொலித்தீன் உறையில் இட்டுச் செருகிக்கொள்கிறார்கள். மடி என்னும் ஒரு சொல் இடுப்பின் புடைவை மடிப்பையும், தாய் குழந்தையை இருத்தும் இடத்தையும், சோம்பலையும் ஒருங்கே குறிப்பதைத் தமிழாசிரியர் எவரும் வகுப்பில் ஒரு முறையாவது சொல்லியிருப்பார். திருவள்ளுவர் மடியின்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கைத்தொலைபேசியால் இளைஞரிடையே மடி பெருகிவிட்டதென மேடைதோறும் முழங்குவோர் அவ்வதிகாரத்தை எடுத்தாளத் தவறுவதில்லை. அவர்களோடு வாதிட நான் வரவில்லை. மடியும் தொலைபேசி ஒன்றை ஓராண்டுக்கு மேலாகக் கையாண்டு வருபவன் என்ற முறையில், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படத்தக்க சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இக்கருவி என் பணத்தில் வாங்கியதன்று. ரொறொன்ரோவில் வாழும் என் தமக்கையின் மகன் 2024 ஆம் ஆண்டு பதுளைக்கு வந்திருந்தபோது, தான் பாவித்த பழையதை என்னிடம் தந்து சென்றான். "மாமா, நீங்க எந்நேரமும் வாசிக்கிற ஆள். இத விரிச்சு வச்சு வாசிங்க" என்றான். 2019 இல் சாம்சங் நிறுவனத்தின் முதலாவது மடியும் தொலைபேசி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 1,980 டொலர். புதியதொன்றின் விலை நம் நாணயத்தில் நான்கு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அக்கணக்கின்படி, ஒரு பிடி சோறும் உண்ணாமல் 296 நாட்கள் உழைத்தாலும் விலையில் சில நூறு ரூபாய் குறையும். ஆகவே இக்கட்டுரையை வாசிப்போர் எவரேனும் கடைக்குப் போக எழுந்திருப்பாராயின், தயவுசெய்து அமர்க.

கண்ணாடி எப்படி மடிகிறது என்று பலர் என்னைக் கேட்டதுண்டு. தாளை மடித்தால் அதன் நார்கள் முறிந்து தழும்பு விழுகிறது. எதை வளைத்தாலும் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருக்குண்ணும், இடையே ஓர் அடுக்கு மட்டும் இழுபடாமலும் நெருக்குண்ணாமலும் இருக்கும். எளிதில் முறியக்கூடிய ஒளியுமிழ் பாகங்களை அந்த நடு அடுக்கிற்கு அண்மையில் அமைத்து, ஏனைய அடுக்குகளை மென்மையான பசையால் ஒட்டிவிடுகிறார்கள். மடிக்கும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சிறிதே வழுக்கிக் கொடுக்கின்றன. முதலில் மேற்பரப்பு பிளாஸ்டிக்காக இருந்தது. 2019 ஏப்ரலில் பரிசோதனைக்காகப் பத்திரிகையாளரிடம் கொடுக்கப்பட்டவற்றுட் சில, இரண்டொரு நாட்களிலேயே பழுதாயின. மேலே ஒட்டியிருந்த படலத்தைக் காப்புறை என்று எண்ணிச் சிலர் உரித்துவிட்டனர். சிலவற்றில் கீலின் இடுக்கு வழியே துகள் நுழைந்தது. விற்பனை செப்டெம்பருக்குத் தள்ளிப்போயிற்று. மறு ஆண்டில் மயிரிழையினும் மெல்லிய கண்ணாடி வந்தது. 2024 இல் சீனாவின் ஹுவாவி நிறுவனம் மூன்றாக மடியும் ஒன்றையும் வெளியிட்டது. பர்மாவிலும் சீயத்திலும் நீண்ட தாளை விசிறிபோல் மடித்துச் சுவடி செய்த வழக்கம் பண்டே இருந்தது. நம் பனையோலை மடிக்க முடியாதது. ஆதலால் நாம் துளையிட்டுக் கயிற்றிற் கோத்தோம். அவரவர்க்குக் கிடைத்த பொருள் அவரவர் நூலின் வடிவத்தைத் தீர்மானித்தது.

அன்றாடப் புழக்கத்திற்கு வருவோம். மூடிய நிலையில் என் தொலைபேசி ஒடுங்கி நீண்டது. சட்டைப்பையில் ஒரு சிறு கல்லை இட்டதுபோற் கனக்கும். அதன் வெளித்திரை ஆங்கிலத்துக்கென்றே அளவெடுத்தது போலும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. உருபும் சாரியையும் ஏறிவிட்டால் ஒரு சொல்லே ஒரு வரியை நிரப்பிவிடும். "பல்கலைக்கழகத்திலிருந்து" என்பது ஒரு முறை இரண்டாக முறிந்து, கடைசி எழுத்து மட்டும் அடுத்த வரியில் அநாதையாய் நின்றது. திறப்பதற்கு இரு கைகளும் வேண்டும். பசறைப் பாதையில் நெரிசலான பஸ்ஸில் ஒரு கையாற் கம்பியைப் பற்றி நிற்பவனுக்கும், லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் குடை பிடித்துச் செல்பவனுக்கும் இது மடியாத தொலைபேசியேயாகும். நடுவில் உள்ள மடிப்புக் கோடு, திரை ஒளிரும்போது கண்ணுக்கு மறைந்துவிடும், விரலுக்கு மறைவதில்லை. முதல் வாரம் அது என்னை உறுத்திற்று. பின்னர், விரித்த புத்தகத்தின் நடுவிலும் ஒரு பள்ளம் இருக்கத்தானே செய்கிறது என்று மனம் அமைந்துவிட்டது.

பதுளைக் கடைவீதியில் தொலைபேசி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம், உட்திரை போனால் என்ன செய்வது என்று விசாரித்தேன். அவர் அதனை இரு கைகளாலும் வாங்கி, ஒருமுறை விரித்து, ஒருமுறை மடித்து, மரியாதையுடன் திருப்பித் தந்தார். "சேர், இத நாங்க தொடமாட்டோம். கொழும்புக்குத்தான் அனுப்பணும்." கொழும்பு இங்கிருந்து ரயிற் பாதையில் 292 கிலோமீற்றர். முதலாவது சாம்சங் 2 லட்சம் முறை மடிக்கத்தக்கது என்று அதன் நிறுவனத்தார் கூறினர். நாளொன்றுக்கு நூறு முறை என்றாலும் ஐந்தாண்டுகளுக்கு மேற் செல்லும். ஆனால் அக்கணக்கிற் செம்மண் தூசு சேர்க்கப்பட்டிருக்குமா என்பது என் ஐயம்.

இத்தனை குறைகளையும் பொறுத்துக்கொள்ளச் செய்வது ஒன்றே ஒன்றுதான். அதை விரித்தாற் கிடைப்பது ஒரு பக்கம். 'திரை' என்று சொல்லாமற் 'பக்கம்' என்று வேண்டுமென்றே சொல்கிறேன். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணி எவரும் இலவசமாக வாசிக்கத் தரும் 'நூலகம்' என்னும் முயற்சி 2005 இல் தொடங்கிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான ஒரு நாட்டில், இதன் அருமையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்குள்ளவற்றிற் பெரும்பாலானவை அச்சுப்பக்கத்தின் ஒளிப்படங்கள். எழுத்தாக இருப்பது திரைக்கேற்ப வரியை மாற்றி ஓடும். படமாக இருப்பது ஓடாது. சிறிய தொலைபேசியில் அதனைப் பெருப்பித்து, இடமிருந்து வலம் இழுத்து, மீண்டும் இடப்பக்கம் வந்து, அடுத்த வரியைத் தேடி வாசிக்க வேண்டும். ஒரு பக்கம் முடிவதற்குள் கதையின் உயிர் போய்விடும். பழைய பத்திரிகைத் தாளாயின் சொல்லவே வேண்டாம்.

தெளிவத்தை ஜோசப் அவர்கள் 1934 இல் பதுளையை அடுத்த ஊவாகட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர். தாம் ஆசிரியராயிருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் சூடிக்கொண்டவர். 2022 இல் மறைந்தார். அவரது 'நாமிருக்கும் நாடே' 1979 இல் வெளிவந்த தொகுதி. அவர் பிறந்த மாவட்டத்தின் தலைநகரில் நான் கடை கடையாகத் தேடியும் அது கிடைக்கவில்லை. மலையக இலக்கியத்திற் பெரும்பகுதியின் கதி இதுதான்: ஒரே பதிப்பு, சில நூறு பிரதி, பிறகு மௌனம். அவ்வாறான தொகுதிகள் பலவற்றை நான் விரித்த தொலைபேசியில், படுக்கையிற் சாய்ந்தபடி, ஒரு பக்கத்தையும் இழுக்காமல் வாசித்து முடித்தேன். இருபது ஆண்டுகளாக ஆசிரியப் பணியிற் பெயராக மட்டும் அறிந்திருந்த கதைகள் அவற்றில் இருந்தன.

மகிழ்ச்சியோடு ஒரு வெட்கமும் வந்தது. இக்கதைகளின் மாந்தர் யாருடைய பாட்டன் பாட்டியரோ, அவர்களின் கையில் இருப்பது கீறல் விழுந்த சிறிய தொலைபேசி. 2021 இல், கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில், லுணுகலைப் பகுதியிற் சிறுவர்கள் மலையுச்சியிலுள்ள காட்டில் முப்பதடி உயரத்து மரக்குடிலில் ஏறியிருந்து அலைவரிசை பிடித்துப் பாடம் கேட்ட செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அத்துணை பாடுபட்டு அவர்கள் இறக்கியதும், பெருப்பித்து இழுத்து வாசிக்க வேண்டிய பக்கங்களாகவே பல வேளைகளில் இருந்திருக்கும். என்னிடம் உயர்தரத் தமிழ் படிக்க வரும் மாணவி ஒருத்தி, தன் தாயாரின் தொலைபேசியில் நான் அனுப்பிய பழைய சிறுகதை ஒன்றை வாசிக்க மூன்று இரவு எடுத்துக்கொண்டாள். "கண்ணு வலிக்குது சேர், ஆனா கத நல்லா இருந்திச்சு" என்றாள். எனக்கு ஒரு மணி நேரத்திற் கிடைத்தது அவளுக்கு மூன்று இரவு.

எல்லாருக்கும் பெரிய திரை வாங்கித் தர எவராலும் இயலாது. பக்கத்தை எழுத்தாக மாற்றிவிட்டால் சிறிய திரையே போதும். மதுரைத் திட்டத்தார் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இவ்வாறே தட்டச்சிட்டு வழங்கி வருகின்றனர். படத்திலிருந்து எழுத்தைத் தானே வாசிக்கும் கணினி வழிகளும் உள. ஆயினும் மங்கிய அச்சிலும், 1978 இல் தமிழகத்தில் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் வழங்கிய யானைத் தும்பிக்கை ஐகாரத்திலும் அவை தடுமாறுகின்றன. மாணவரும் முதலிற் தடுமாறினர். ஒரே பிற்பகலிற் கற்றுக்கொண்டனர்.

சனிக்கிழமைகளில் ஐந்து பேர் வருகிறார்கள். தொலைபேசியைப் பாதி மடித்து மேசைமேல் நிறுத்துவேன். புராண படனத்திற் சிக்குப்பலகையில் ஏடு நிற்பதுபோல் அது தானாகவே நிற்கும். எவரும் பிடித்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றையோர் ஆளுக்கொரு பகுதியைத் தத்தம் தொலைபேசியிற் தட்டச்சிடுவர்; பின் ஒப்பு நோக்குவர். எதனைத் தட்டச்சிடலாம் என்பதிலும் கவனம் வேண்டும். இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ஜோசப் அவர்களின் கதைகளுக்கு 2092 வரை காத்திருக்க வேண்டும், அல்லது உரியோரிடம் அனுமதி பெறவேண்டும். ஆகவே 1924 இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கியவரும், 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவரும், 1947 இல் மறைந்தவருமான கோ. நடேசய்யரின் எழுத்துகளை எடுத்துக்கொண்டோம். இதுவரை 31 பக்கங்கள் முடிந்துள்ளன.

முடிந்த பக்கங்களை மாணவர் தம் வீட்டாருக்கும் அனுப்புகிறார்கள். சென்ற மாதம் ஒரு பக்கத்தில் 'பற்றுச்சீட்டு' என்ற சொல் வந்தது. கடையிற் பணங்கொடுத்துப் பெறும் சீட்டு என்று ஐவரும் பொருள் கொண்டனர். இன்று இலங்கைத் தமிழில் அதுவே பொருள். மறு வாரம் அம்மாணவி வந்து, அப்பக்கத்தைத் தன் பாட்டிக்கு வாசித்துக் காட்டியதாகச் சொன்னாள். எண்பதைத் தாண்டிய அந்த அம்மையார் நடுவிலே நிறுத்தி, "அது கடச் சீட்டு இல்ல மக. பத்துச்சீட்டு. தொர அதக் கையில குடுத்தா அன்னைக்கே சட்டி பானையத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்த விட்டுப் போயிறணும்" என்றாராம். அதற்கு அடிக்குறிப்பு எழுதும் பொறுப்பை அவளிடமே கொடுத்தோம். பாட்டியின் சொற்களை அவள் அப்படியே எழுதியிருக்கிறாள். 'மக' என்பதை 'மகள்' என்று திருத்தலாமா என்று ஒரு மாணவன் கேட்டபோது மற்ற நால்வரும் இணங்கவில்லை.